செனோனின் இருமல்

விடியுமுன் கல்மேட்டில் ஏறிவிட வேண்டும். வெயில் எட்டிப்பார்த்த பிறகு போனால் நல்ல கல்லையெல்லாம் முந்தி வந்தவள் மடியில் கட்டியிருப்பாள். சுரங்கத்துக்குள்ளிருந்து ஆண்கள் வெட்டி அனுப்புகிற பாறையில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மலைச்சரிவில் கொட்டிவிடும் கம்பெனி. அந்த மிச்சத்தில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளீயத்தைச் சுத்தியலால் தட்டிப் பிரிக்கிறவர்கள் நாங்கள். பல்யிரி என்று எங்களுக்குப் பெயர். சான் எலாதியோ முகாமில் பல்யிரி என்றால் விதவை, அல்லது சீக்கிரம் விதவையாகப் போகிறவள்.

என் புருஷன் நுரையீரல் முழுக்கக் கல்தூசி அடைத்துச் செத்தான். நஷ்டஈடு கேட்டுப் போனேன். ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்து, "போ கசிமீரா, மேட்டுல போய் உக்காரு" என்றார்கள். அதன் கைப்பிடிகூடப் பழசு.

அன்றைக்கும் உறைபனியில் கல்லோடு கல் ஒட்டிக்கிடந்தது. முதலில் பனியை உடைக்க வேண்டும், அப்புறம்தான் கல். விரல் வெடிப்பில் ரத்தம் கசிந்தால் வாயில் மென்றுகொண்டிருக்கும் கோக்கா இலையை எடுத்து அப்பிக்கொண்டு மறுபடி அடிப்போம். பட்டாளம் வந்ததிலிருந்து உடைத்த கல்லுக்குக் கூலியும் பாதி, கம்பெனிக் கடையில் ரொட்டியும் பாதி. என் பக்கத்தில் தோமாசா உட்கார்ந்திருந்தாள். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த சிரிப்பு.

"ஜெனரலோட தலைன்னு நெனச்சு அடி கசிமீரா. சீக்கிரம் உடையும்."

"அது எப்படிடி உடையும்? உள்ள ஏதாவது இருந்தாத்தானே உடைய! நசுங்கத்தான் செய்யும்."

மேடே சிரித்தது. அசுந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காது சுரங்க வாய்ப்பக்கமே இருந்தது.

அசுந்தாவின் புருஷன் செனோன்தான் எங்கள் தொழிற்சங்க ரேடியோவின் குரல். பாறையில் துளை போட்டுப் போட்டு நெஞ்சு கெட்டுப்போனவனைச் சங்கம் கூப்பிட்டு ஒலிபரப்பு அறையில் உட்காரவைத்திருந்தது. பட்டாளம் வருமுன் தினமும் விடியற்காலையில் முதலில் ஓர் இருமல் வரும். கரகரவென்று, ஜல்லிக்கல் சரிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான், "வணக்கம் தோழர்களே" என்பான். அப்புறம் யாருக்குப் பிறந்தநாள், எங்கே சரிவு, எவனுக்கு அடி என்று எல்லாம் வரும். அந்த இருமல் பள்ளத்தாக்கு முழுக்கப் பிரசித்தம். கல்மேட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "வணக்கம் செனோன்!" என்போம். அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? ஆனாலும் சொல்வோம்.

அப்புறம் தலைநகர் லா பாஸில் ஒரு ஜெனரல் இன்னொரு ஜெனரலைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். உடனே சங்கம் தடை, கூட்டம் தடை, ரேடியோ தடை. எங்கள் சங்கத் தலைவரை லாரியில் ஏற்றிப்போனார்கள். அவர் பெண்டாட்டி ஒவ்வொரு பட்டாள முகாமாகப் போய்க் கேட்டாள். அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். பக்கத்து முகாமான தாக்கோனியில் ஒருவனைப் பட்டாளம் பிடித்த அன்றே அவன் பெயரை அங்கத்து ஜனங்கள் தங்கள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் பல்லெல்லாம் போய்த் திரும்பி வந்தான், ஆனால் உயிரோடு வந்தான். அதனால்தான் மறுவாரமே தாக்கோனி ரேடியோவை உடைத்தார்கள். மிச்சம் எங்கள் ஒலிபரப்புப் பெட்டி ஒன்றுதான். அதைத் தேடிப் பட்டாளம் வருமுன் செனோன் கழற்றித் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் ஒளிந்துவிட்டான்.

வாசல் காவல் கிழவர் சிப்ரியான் வேலைக்குப் போகிறவர்களிடம் அவனுக்குச் சோறு கொடுத்தனுப்புவார். பெண்கள் சுரங்கத்துக்குள் போகக்கூடாது. போனால் உள்ளே இருக்கும் மாமன் கோபித்துக்கொண்டு, ஈயத்தை மறைத்துவிடுவான் என்பது எங்கள் நம்பிக்கை. மாமன் என்றால் களிமண் உருவம், கொம்பும் திறந்த வாயும். தரைக்கு மேலே ஆண்டவர், தரைக்குக் கீழே மாமன். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் அவன் வாயில் சிகரெட் பற்றவைத்து, காலடியில் கோக்கா இலை போட்டு, கொஞ்சம் சாராயம் ஊற்றிவிட்டுத்தான் பாறையைத் தொடுவார்கள்.

அன்று காலை சிப்ரியான் மேட்டுக்கு வந்து அசுந்தாவிடம் குனிந்து சொன்னார். "ரத்தமா துப்புறான் தாயி. ஊசி மருந்து இல்லேன்னா அவனைப் பிடிக்கப் பட்டாளம் தேவையில்ல."

ஊசி மருந்து கம்பெனிக் கடையில்தான் கிடைக்கும். சங்கத்து ஆள் வீட்டுக்குக் கடையில் எதுவும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு. அசுந்தா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"கொம்பாத்ரே இருக்காரு கசிமீரா. அவரு தருவாரு."

கடைக்காரன் லியோன்சியோதான் அவளுக்குக் கொம்பாத்ரே. எங்களுக்குள் பிள்ளைக்கு முதல் முடி வெட்டுவது பெரிய காரியம். அதுவரை கத்திரி படாது. முதல் கற்றையை வெட்டுகிறவன் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், பெற்றவர்களுக்குக் கொம்பாத்ரே; தாயை அவன் கொமாத்ரே என்பான். கூடப்பிறந்தவனிடம் மறைக்கலாம், கொம்பாத்ரேயிடம் மறைத்தால் பாவம். லியோன்சியோ அசுந்தாவின் மகளுக்கு முடி வெட்டினான். என் பையனுக்கும் அவன்தான். தோமாசாவின் பிள்ளைகளுக்கும் அவன்தான். முகாமில் பாதிப் பிள்ளைகளின் முடியைச் சிவப்பு நூலில் கட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தான். கடைக்காரன் கொம்பாத்ரேயாக இருந்தால் நல்லதுதானே என்று நாங்களே தேடிப்போய்க் கேட்டதுதான்.

கடை வாசலில் நின்ற சிப்பாயிடம் நான் வாயடித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கமாக உள்ளே போனாள். உள்ளே நடந்த பேச்சை அவள் பிறகு எனக்கு அப்படியே சொன்னாள்.

"வாங்க கொமாத்ரே. உங்களுக்கு இந்தக் கதவை யாரு மூட முடியும்? மருந்து யாருக்கு?"

"உங்ககிட்ட மறைப்பேனா? செனோனுக்குத்தான்."

"அடடா. அந்த மனுஷன் இந்தக் குளிர்ல எங்க கெடக்காரு?"

"பழைய தளத்துல. மாமன் இருக்கற சந்துல."

"ஆண்டவரே! இந்தாங்க மருந்து. ரொட்டியும் எடுத்துக்கங்க. என் கம்பளித் துண்டையும் குடுத்தனுப்புங்க. காசு கெடக்கட்டும்."

வெளியே வந்தபோது அசுந்தாவின் முகம் தெளிந்திருந்தது. "மனசு லேசாயிருச்சு" என்றாள். பெட்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

மறுநாள் விடியலில் நாங்கள் மேட்டில் குந்தியிருந்தபோது பட்டாளம் சுரங்க வாய்க்கு ஓடியது. எந்தத் தளம் என்று யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே போனார்கள். லெப்டினன்ட் மட்டும் வெளியே நின்றான். தலையில் வாசனை எண்ணெய் தடவிய சமவெளிக்காரன். எங்கள் மலைக்காற்று அவனுக்குப் பற்றவில்லை, சும்மா நின்றாலே மூச்சு வாங்கியது.

நானும் அசுந்தாவும் மேட்டிலிருந்து இறங்கி ஓடினோம். செனோனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தலை தண்டவாளக் கட்டைகளில் இடித்துக்கொண்டே வந்தது. கழுத்தில் லியோன்சியோவின் கம்பளித் துண்டு. அதைப் பார்த்ததும் அசுந்தா என் கையைப் பிடித்தாள். நகம் சதைக்குள் இறங்கியது. காட்டிக்கொடுத்தவன் யார் என்று எனக்கும் புரிந்துவிட்டது.

இரவு வேலை முடித்து வந்தவர்கள், பகல் வேலைக்குப் போகவிருந்தவர்கள் எல்லோரையும் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கால்பந்து மைதானத்துக்கு ஓட்டினார்கள். பூட்ஸைக் கழற்றவைத்து உறைபனியில் மண்டியிட வைத்தார்கள். அசையாதவனுக்கு ஒரு அடி, அசைந்தவனுக்கு இரண்டு.

"உள்ள பெட்டி கெடக்கா?" என்று லெப்டினன்ட் சிப்பாய்களைக் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள். முகம் வெளுத்திருந்தது. அவர்களும் மலைப்பிள்ளைகள்தான். மாமனைப் பார்த்தபின் எவன் அங்கே துழாவுவான்?

லெப்டினன்ட் செனோன் பக்கம் திரும்பினான். "பெட்டி எங்கடா?"

"எந்தப் பெட்டி? சவப்பெட்டின்னா கம்பெனிலதான் கேக்கணும்."

லெப்டினன்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். என் கையிலிருந்த சுத்தியலைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. வயிற்றில் உதைத்தான், விழுந்தேன். இரண்டு பேர் செனோனின் வலது கையைத் தண்டவாளத்தின்மேல் அழுத்திப் பிடித்தார்கள். முதல் அடியில் செனோன் கத்தினான். இரண்டாவது அடியிலும் கத்தினான். அதற்குமேல் கத்தக் குரல் இல்லை, இருமல்தான் வந்தது. இருமலோடு ரத்தம் வந்து பனியில் கொட்டியது. லெப்டினன்ட் அடித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டியது. சுத்தியலை என் பக்கம் எறிந்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செனோனைப் பட்டாளம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனார்கள். அசுந்தா குறுக்கே விழுந்தாள்.

"எம் புருஷன எங்க கொண்டுபோறீங்க?"

"எந்தப் புருஷன்? சார்ஜென்ட், இங்க யாரையாவது பிடிச்சோமா?"

"இல்ல சார்."

"கேட்டியாம்மா? அப்படி யாரும் இல்ல. வீட்டுக்குப் போ."

லெப்டினன்ட்டின் காலடியில் செனோனின் ரத்தம் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதன்மேல் நின்றுகொண்டுதான் அப்படிச் சொன்னான்.

அசுந்தா எழுந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, கடைக்குப் போனாள். நான் போனேன். தோமாசா வந்தாள். மேட்டிலிருந்து பல்யிரிகள் எல்லோரும் இறங்கினார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். கடைக்கு முன்னால் இடமில்லை.

"லியோன்சியோ! வெளிய வா!"

வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கொமாத்ரே, என் கழுத்துல துப்பாக்கி வச்சாங்க..."

"கொமாத்ரேன்னு கூப்பிடாத." அசுந்தாவின் குரல் உயரவேயில்லை. "எம் பொண்ணு முடியைக் குடு."

அவனுக்குப் புரியவில்லை. எங்களுக்கே ஒரு கணம் புரியவில்லை. இப்படி யாரும் கேட்டதில்லை. வெட்டிய முடியைத் திருப்பிக் கேட்பது பிறந்தவனைப் பிறக்காதே என்று சொல்வது மாதிரி. அப்புறம் தோமாசா தொண்டை கிழியக் கத்தினாள். "எம் பிள்ளைங்க முடியையும் எடு! நாலு பேருது இருக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் உன் மீசையை வச்சு நிரப்பிருவேன்!"

"எம் பையனோடதும்!" என்றேன் நான்.

"எங்களுதும்! எங்களுதும்!"

கூட்டம் நெருக்கியது. அவன் டப்பாவை எடுத்து வந்தான். மூடி நழுவி விழுந்து உருண்டது. சிவப்பு நூல் கட்டிய சின்னச் சின்னக் கற்றைகள். அசுந்தா தன் மகளுடையதைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டாள். லியோன்சியோ அழுதான். "என்னை அநாதையாக்காதீங்க" என்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அப்போது மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே லெப்டினன்ட்டும் பட்டாளமும். மைதானத்தைக் காக்கச் சிலரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களையெல்லாம் இங்கே கொண்டுவந்துவிட்டான்.

"என்ன கூத்து இது?" என்றார் மேனேஜர். "ஒரு ஆளுக்காக ஊரே பட்டினி கெடக்கணுமா? காலைல லாரி போயிரும். அப்புறம் கடையை முழுசாத் தொறக்கச் சொல்றேன். ரொட்டி வரும், கறி வரும்."

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றேன். "பிடிச்ச ஆளே இல்லைன்னாரு லெப்டினன்ட். அப்ப லாரியில போறது யாரு? நீங்களா?"

அவர் முகம் சிவந்தது. லெப்டினன்ட் பல்லைக் கடித்தான். "இவளுக நாக்கு ரொம்ப நீளம்."

"சுத்தியலு இன்னும் நீளம் சார்" என்று தோமாசா முன்னே வந்தாள். கையில் சுத்தியல்கூட இல்லை, மகனின் முடிக் கற்றைதான் இருந்தது. "பேரைச் சொல்லுங்க. செனோனைப் பிடிச்சிருக்கோம்னு உங்க வாயால சொல்லுங்க. நாங்க போயிர்றோம்."

யார் சுட உத்தரவிட்டது என்று எனக்குத் தெரியாது. தோமாசா உட்கார்ந்தாள். களைத்துப்போய் உட்காருகிறாள் என்றே நினைத்தேன். மேல்துணியில் சிவப்பு பரவியபோதுதான் அலறினேன். இன்னும் சுட்டார்கள், தலைக்கு மேலே, சுவரில், தகரக் கூரையில். ஒருத்தியின் காது போயிற்று. ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். துப்பாக்கிக் கட்டைகள் எங்கள் முதுகில் இறங்கின. தோமாசா என் மடியில் கிடந்தாள். பேச வாயெடுத்தாள், சிரிப்பு மாதிரி ஒன்றுதான் வந்தது. அப்படியே போய்விட்டாள்.

அவளைக் கதவுப் பலகையில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கினோம். வழியில் அசுந்தா என் காதோரம் வந்தாள். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"காலைல லாரி போயிரும்னாருல்ல? அதுக்குள்ள அவரு பேரு வெளிய போகணும் கசிமீரா. பெட்டி மாமன்கிட்ட இருக்கு."

ஆண்கள் எல்லோரும் மைதானத்தில் மண்டியிட்டுக் கிடந்தார்கள். போனால் நாங்கள்தான் போக வேண்டும். இன்னும் இரண்டு பல்யிரிகளைக் கூட்டிக்கொண்டு சுரங்க வாய்க்குப் போனோம். காவலில் இருந்த சிப்பாய்களும் கடைப்பக்கம் போயிருந்தார்கள். கிழவர் சிப்ரியான் மட்டும் குறுக்கே நின்றார்.

"வேணாம் தாயி. பொம்பள உள்ள போனா ஈயம் ஓடிப்போயிரும்."

"ஓடட்டும் பெரியவரே" என்றேன். "ஈயம் யாருக்கு? எங்களுக்கா? அது ஓடுனா பின்னாலயே மேனேஜரும் ஓடுவாரு. நல்லதுதானே?"

கிழவர் என்னைப் பார்த்தார். அசுந்தாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு தன் விளக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டையும் எடுத்துக் கொடுத்தார். "மொதல்ல இதைக் குடுங்க அவனுக்கு."

உள்ளே போகப் போக அனல். என் புருஷன் தினமும் இங்கேதான் வந்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவனைக் கொன்ற தூசி என் மூக்கில் ஏறியது. பழைய தளத்துச் சந்தில் மாமன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக் கண்கள், திறந்த வாய். கால்கள் தெரியாதபடி வருஷக்கணக்கான கோக்கா இலையும் காகிதப் பூவும் புட்டிகளும். எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அசுந்தா சிகரெட்டைப் பற்றவைத்து அவன் வாயில் வைத்தாள். "மாமா, உங்க வீட்டுக்குள்ள வந்துட்டோம். கோவிச்சுக்கங்க, பரவாயில்ல. ஆனா பெட்டியக் குடுத்துருங்க" என்றாள். மண்டியிட்டு இலைக்குவியலுக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாக வந்தது. பெட்டி, கம்பிச் சுருள், ஒலிவாங்கி. சாக்கில் சுற்றி வைத்திருந்தான் செனோன். பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிற மாதிரி முதுகுத் துணியில் பங்கிட்டுக் கட்டிக்கொண்டோம்.

முகாம் எல்லையில் ஒரு சிப்பாய் நிறுத்தினான். "முதுகுல என்ன?"

"எழவு வீட்டுக்குச் சாமான்" என்றேன். "நீங்க சுட்டீங்களே, அந்த வீட்டுக்கு."

அவன் எங்கள் பாஷைக்காரன். "அந்த அம்மா செத்துட்டாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். தலையசைத்தேன். அசுந்தாவின் துணிமூட்டையிலிருந்து செம்புக் கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான். அவன் கம்பியைத் துணிக்குள் செருகிவிட்டு, "போங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இழவு வீட்டுக்குள் பட்டாளம் வராது, கொஞ்ச நேரமாவது வராது. தோமாசாவைக் கிடத்தியிருந்த மேசைக்கு அடியில் பெட்டியை வைத்தோம். ஒலி வெளியே போக, துணி காயப்போடும் கம்பியில் இணைப்புக் கொடுத்தோம். மின்சாரத்தை வெட்டமாட்டார்கள், மேனேஜர் வீட்டு வெந்நீருக்கும் அதே கம்பிதான். அசுந்தா ரேடியோவின் பெண்கள் நேரத்தில் பிறந்தநாள் வாழ்த்துப் படித்தவள், செனோன் பெட்டியை மாட்டும்போதெல்லாம் கூட இருந்தவள். எந்தக் கம்பி எங்கே என்று அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் எல்லா முகாமிலும் அடுப்பு மூட்டுகிற வேளை. ரேடியோ செத்துப்போன பின்னும் ஜனங்கள் சமையலறையில் அதைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

அவள் தோமாசாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வணக்கம் தோழர்களே. நான் அசுந்தா பேசறேன், செனோன் கோல்கேயோட சம்சாரம். இன்னிக்கு விடிகாலைல எம் புருஷனைப் பட்டாளம் பிடிச்சிருச்சு. சுத்தியலால கையை உடைச்சாங்க. நாங்க எல்லாரும் பாத்தோம். பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்க. உயிரோட இருக்காரு. ஆனா அப்படி ஒரு ஆளே இல்லைங்கறாங்க. விடிஞ்சா லாரில ஏத்திருவாங்க. தோமாசாவைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. அவ பொணத்துப் பக்கத்துல உக்காந்துதான் பேசறேன். தாக்கோனில இருக்கறவங்களே, கேக்குதா? செனோன் கோல்கே. செனோன் கோல்கே. பேரை மறந்துராதீங்க."

அதே வார்த்தைகளை மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது கதவு பிளந்தது. லெப்டினன்ட் பெட்டியை உதைத்து நொறுக்கினான். அசுந்தாவின் வாயில் துப்பாக்கிக் கட்டை விழுந்தது. இரண்டு பல் தெறித்துத் தோமாசாவின் போர்வையில் விழுந்தன. நாங்கள் அவள்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டோம். அடியெல்லாம் எங்கள் முதுகுக்கு வந்தது. அடிக்கிற சத்தத்துக்கு நடுவே, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊளை மாதிரி ஒன்று எழுந்தது. தாக்கோனிச் சுரங்கத்தின் சங்கு. நிற்கவேயில்லை. லெப்டினன்ட் அடிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்று கேட்டான்.

விடியற்காலையில் நாங்கள் கல்மேட்டுக்குப் போகவில்லை. சுத்தியலும் கல்லுமாகச் சாலையில் உட்கார்ந்தோம், பள்ளிக்கூடத்துக்கும் கணவாய்க்கும் நடுவே. தார்ப்பாய் மூடிய லாரி வந்து என் முழங்காலிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றது. எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. பக்கத்து மைதானத்தில் ஆண்கள் மண்டியிட்டபடி தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

லெப்டினன்ட் இறங்கி வந்து கைத்துப்பாக்கியை அசுந்தாவின் நெற்றியில் வைத்தான். "எழுந்திரு. இல்லேன்னா மேல ஏத்திட்டுப் போவேன்."

வீங்கிய வாயால் அவள் சொன்னாள். "உள்ள யாரு?"

"யாரும் இல்ல. அரிசி மூட்டை."

அவள் லாரியைப் பார்த்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள். "செனோன்!"

எஞ்சின் உறுமல் மட்டும்தான் கேட்டது. மறுபடி கத்தினாள். உள்ளே அவன் ஏற்கெனவே பிணமாகக் கிடந்தால்?

அப்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்தது. கரகரவென்று, ஜல்லிக்கல் சரிகிற மாதிரி. முகாமில் அந்த இருமலைத் தெரியாதவர் யாருமில்லை.

"அரிசி மூட்டை இருமுது லெப்டினன்டு" என்றேன்.

அடுத்தது என்ன வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். காத்திருந்தோம். சிப்பாய்களும் காத்திருந்தார்கள். உள்ளே யாரோ யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டது. அதையும் மீறி, உடைந்துபோன, ஆனால் அதே குரல் வந்தது.

"வணக்கம்... தோழர்களே."

"வணக்கம் செனோன்!"

சாலை முழுக்கச் சொன்னோம். மைதானத்தில் மண்டியிட்டிருந்தவர்கள் வெறுங்காலோடு எழுந்து நின்று சொன்னார்கள். துப்பாக்கிகள் எங்களை நோக்கி உயர்ந்தன. கணவாயின் உச்சியில் கறுப்பாக ஒரு கூட்டம், தாக்கோனி ஜனங்கள், தோளில் கடப்பாரையும் முதுகில் பிள்ளைகளுமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. செனோனின் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்த என் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்த கல்லில் அடித்தேன். பக்கத்தில் இருந்தவள் அடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் அடித்தாள். லாரி எங்கள்மேல் ஏறவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. நாங்கள் அடித்துக்கொண்டேயிருந்தோம்.